கேட்பதும் ஒரு மருந்தே!

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. உளவள ஆலோசகர் ஒருவரின் அறைக்கு வெளியே அமர்ந்திருந்தேன். உள்ளே என் மகன் இருந்தான். பிளஸ் 1 மாணவன். பத்தாம் வகுப்பு வரை ஆசிரியர்களின் பாராட்டைப் பெற்று வந்தவன், திடீரென்று பள்ளிக்குச் செல்ல மறுத்தான். சாப்பாட்டுத் தட்டையும் அறைக்குள் எடுத்துச் சென்று கதவைத் தாழிட்டுக் கொண்டான். உறவினர் சிலர் செல்லிடப்பேசியைக் குறை கூறினர். சிலர் நண்பர்களின் சேர்க்கையைக் குறை கூறினர். ஒருவர் திருஷ்டி கழிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகே கவுன்சலிங் என்னும் முடிவுக்கு வந்திருந்தோம்.

50 நிமிடங்கள் கழித்துக் கதவு திறந்தது. அவன் என்ன சொன்னான் என்று ஆலோசகரிடம் கேட்டேன். அவனுடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் உடனே எங்களிடம் சொல்வதாகவும், மற்றவை அவனுக்கும் தமக்கும் இடையிலேயே இருக்கும் என்றும் அவர் அமைதியாகக் கூறினார். எனக்குச் சினம் வந்தது. பெற்றவன் நான், கட்டணம் செலுத்தியவனும் நான். என் பிள்ளை பேசியதை எனக்குச் சொல்லாமல் மறைக்க இவர் யார்?

அந்தச் சினம்தான் என்னைப் படிக்க வைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு, அறிவுரை கூறாமல், கேட்டுக் கொண்டிருப்பதையே ஒரு சிகிச்சை என்று சொல்லும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அந்தத் தேடலில் எதிர்ப்பட்டவர் கார்ல் ரோஜர்ஸ். உளவியல் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும். தேர்வுக்காக அவருடைய கொள்கைகளை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால், பதின்பருவப் பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் அறிந்து கொள்ள வேண்டியது அவருடைய கொள்கையைவிட, அக்கொள்கைக்கு அவர் வந்து சேர்ந்த வழி. அது வெற்றிகளால் ஆன வழி அன்று, தோல்விகளால் ஆனது.

ரோஜர்ஸ் 1902 ஜனவரி 8 அன்று அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். ஆறு குழந்தைகளில் நான்காமவர். தந்தை பொறியாளர், கட்டுமான ஒப்பந்தத் தொழிலில் செழித்தவர். பெற்றோர் இருவரும் கண்டிப்பான சமயப் பற்றாளர்கள். அவ்வீட்டில் மது இல்லை, நடனம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, நாடகம் இல்லை. முதன்முதலாக ஒரு பாட்டில் குளிர்பானம் குடித்தபோது ஏதோ தகாத செயலைச் செய்துவிட்டதுபோல் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அன்புக்கு அங்கே குறைவில்லை. பிள்ளைகளின் நலனில் அத்தனை அக்கறை கொண்ட பெற்றோர் அரிது என்றுகூடச் சொல்லலாம்.

கார்லுக்கு 12 வயதானபோது குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. தந்தைக்கு வேளாண்மையில் இருந்த ஆசை ஒரு காரணம். வளரும் பிள்ளைகளை நகர்ப்புறத்தின் சபலங்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பதே அதைவிடப் பெரிய காரணம் என்று ரோஜர்ஸ் பின்னாளில் கருதினார். இன்று நாம் பிள்ளையின் கையிலிருந்து செல்லிடப்பேசியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அதன் நூறாண்டுக்கு முந்தைய வடிவம் அந்தப் பண்ணை.

சபலங்கள் விலகின, நண்பர்களும் விலகினர். அந்தச் சிறுவன் காட்டில் இரவில் பறக்கும் பெரிய விட்டில்பூச்சிகளைப் பிடித்து வளர்த்தான். கால்நடைத் தீவனம் பற்றிய அறிவியல் நூலைப் பதினான்கு வயதில் ஆழ்ந்து படித்தான். ஒரு கருத்து சரியா, தவறா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும் என்னும் பழக்கம் அங்கேதான் அவனிடம் வேரூன்றியது. ஆனால், தன் மனத்துக்குள் நடப்பதை வீட்டில் எவரிடமும் அவன் சொன்னதில்லை. சொன்னால் அது எடைபோடப்படும், குறையுள்ளது என்று தீர்ப்பளிக்கப்படும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. உலகுக்கே கேட்கக் கற்றுக் கொடுத்தவர், கேட்பார் இல்லாத பதின்பருவத்தைக் கடந்து வந்தவர் என்பதைப் படித்தபோது என் மகனின் தாழிட்ட அறை நினைவுக்கு வந்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்த ரோஜர்ஸ், சமயப் பணியில் நாட்டம் கொண்டு வரலாற்றுப் படிப்புக்கு மாறினார். 1922-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம். பெய்ஜிங்கில் நடைபெற்ற உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாணவர்களுள் அவரும் ஒருவர். பயணம் ஆறு மாதங்களுக்கு மேல் நீண்டது. நேர்மையான மனிதர்கள் ஒருவருக்கொருவர் முற்றிலும் மாறுபட்ட நம்பிக்கைகளைக் கொண்டிருக்க முடியும் என்பதை அங்கே கண்டார். தம் மனமாற்றத்தை வீட்டுக்குக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். கடிதம் போய்ச் சேர்ந்து மறுமொழி திரும்பி வருவதற்குள் அவர் இன்னும் தொலைவு சென்றிருந்தார். பெற்றோரின் சிந்தனையிலிருந்து அதிக வலியின்றி விடுபட அக்கால அஞ்சலின் மெத்தனமே உதவியது. இன்று ஒரு மாணவனுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. விடுதி அறையிலும் பெற்றோரின் காணொலி அழைப்பு வந்துவிடுகிறது.

1924-இல் ஹெலன் எலியட்டை மணந்து, நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் சிலர், ஆசிரியர் இல்லாமல் தங்கள் கேள்விகளைத் தாங்களே விவாதிக்கும் வகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டனர். நிர்வாகமும் வியக்கத்தக்க வகையில் இசைந்தது. அந்த விவாதங்களின் முடிவில், குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நம்பியாக வேண்டிய தொழில் தமக்கு ஏற்றதன்று என்று தெளிந்த ரோஜர்ஸ், எதிரே இருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்கு மாறினார். குழந்தைகளின் உளவியலே அவருடைய துறையாயிற்று.

இதற்கிடையே 1926-இல் முதல் மகன் டேவிட் பிறந்தான். ஜான் வாட்சனின் நடத்தையியல் கோலோச்சிய காலம் அது. குழந்தையை அட்டவணைப்படி வளர்க்க வேண்டும் என்பது அன்றைய அறிவியல். ரோஜர்ஸ் தம்பதியும் நூலைப் பார்த்தே மகனை வளர்க்க முயன்றனர். அத்தனை உளவியல் அறிவையும் மீறி நல்ல தாயாக இருக்கும் அளவுக்குத் தம் மனைவியிடம் பொது அறிவு இருந்தது தம் நல்லூழ் என்று பின்னர் அவர் தம்மையே கேலி செய்துகொண்டார். குழந்தை வளர்ப்பில் வல்லுநர்களும் தடுமாறியிருக்கிறார்கள் என்பது நம்மைப் போன்றோருக்குச் சிறிது ஆறுதல்.

1928-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகளுக்கு எதிரான கொடுமைகளைத் தடுக்கும் சங்கத்தின் குழந்தை ஆய்வுத் துறையில் ரோஜர்ஸ் பணியில் சேர்ந்தார். அடுத்த 12 ஆண்டுகள் அங்கேதான். நீதிமன்றங்களும் சமூகநல அமைப்புகளும் அனுப்பிய பிள்ளைகள் அவர்முன் வந்தனர்: திருடியவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர்கள், எவருக்கும் வேண்டாதவர்கள். எந்த முறை பலன் தருகிறது என்பது ஒன்றே அங்கே கேள்வி. அந்த ஆண்டுகளில் தம்மை மாற்றிய மூன்று நிகழ்ச்சிகளை அவர் பதிவு செய்திருக்கிறார்.

முதலாவது, கண்ட இடங்களில் தீ வைக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றியது. காவல் இல்லத்தில் அவனை நாள்தோறும் சந்தித்து, அவனுடைய அந்த உந்துதலுக்குக் காரணம் பாலுணர்வு சார்ந்த ஒரு மனச்சிக்கல் என்று ரோஜர்ஸ் கண்டறிந்தார். அக்காலத்தின் புகழ்பெற்ற வல்லுநர் வில்லியம் ஹீலியின் கருத்துக்கு அது பொருத்தமான சான்றாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, ஆகவே, சிக்கல் தீர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தார். நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே அனுப்பப்பட்ட சிறுவன் மீண்டும் அதே குற்றத்தில் சிக்கினான். ஏன் என்பதைக் கண்டுபிடிப்பது வேறு, ஒருவனை மாற்றுவது வேறு என்பது இளைஞரான ரோஜர்ஸுக்கு உறைத்தது. அறிஞர்களும் தவறக்கூடும் என்பதும் விளங்கியது.

இரண்டாவது நிகழ்ச்சி ஓர் ஏடு பற்றியது. பெற்றோர் ஒருவரிடம் ஆலோசகர் நடத்திய உரையாடலின் முழு எழுத்து வடிவம் அதில் இருந்தது. ராச்செஸ்டரில் சேர்ந்த புதிதில் அதை மிகச் சிறந்த முன்மாதிரி என்று எண்ணியிருந்தார். சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் படித்தபோது திகைத்தார். சாமர்த்தியமான வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைபோல் இருந்தது அது. கேள்விமேல் கேள்வி கேட்டு, அந்தப் பெற்றோரை மடக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்திருந்தார் ஆலோசகர். விசாரணையில் வெல்வதால் எந்தக் குடும்பத்துக்கும் நிலைத்த பயன் விளையாது என்பதை அதற்குள் ரோஜர்ஸ் அனுபவத்தில் கண்டிருந்தார்.

மூன்றாவதுதான் என்னைப் பல நாள்கள் தூங்கவிடாமல் செய்தது. அடங்காத மகனை ஒரு தாய் அழைத்து வந்தார். மகனை உள்ளூர வெறுத்து ஒதுக்கும் தாயின் மனப்பான்மையே சிக்கலின் வேர் என்பது ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல சந்திப்புகளில் நயமாகவும் பொறுமையாகவும் அதை அவருக்கு உணர்த்த முயன்றார். பலனில்லை. இறுதியில், இருவரும் இயன்றவரை முயன்றுவிட்டோம், இத்துடன் நிறுத்திக் கொள்ளலாம் என்றார். தாயும் ஒப்புக்கொண்டு எழுந்தார். வாசல்வரை சென்றவர் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை வழங்குவதுண்டா என்று கேட்டார். உண்டு என்றதும், தமக்கு உதவி வேண்டும் என்று கூறி, எழுந்த நாற்காலியிலேயே மீண்டும் அமர்ந்தார். தம் மணவாழ்வின் துயரையும், தம் தோல்வியையும் குழப்பத்தையும் கொட்டத் தொடங்கினார். அதுவரை ரோஜர்ஸ் சேகரித்து வைத்திருந்த வறட்டுக் குடும்ப வரலாற்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கேட்டுக் கொண்டிருந்தார். சந்திப்புகள் தொடர்ந்தன. அந்தப் பெண்ணின் மணவாழ்வு சீரடைந்தது. மகனின் சிக்கலும் தீர்ந்தது.

எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும், எந்த அனுபவம் உள்ளே புதைந்து கிடக்கிறது என்பது துன்பப்படுகிறவருக்கே தெரியும். வழிகாட்டியின் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசை இல்லையென்றால் அவரே வழியைக் கண்டடைவார். ராச்செஸ்டரில் ரோஜர்ஸ் பெற்ற பாடம் இதுதான். 1939-இல் வெளிவந்த அவருடைய முதல் பெருநூல் சிக்கலுள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சை முறைகளைப் பற்றியது. மறு ஆண்டு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக் கொண்டது.

அங்கே நடந்த ஓர் ஆய்வு பெற்றோர் பலருக்கும் வியப்பளிக்கும். வில்லியம் கெல் என்னும் மாணவர், 75 இளங்குற்றவாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்தார். அவர்கள் பின்னாளில் நன்றாக வாழ்ந்தார்களா, இல்லையா என்பதை எந்தக் காரணி மிகச் சரியாக முன்னுணர்த்தியது என்பது கேள்வி. குடும்பச் சூழல், உடல்நலம், அறிவுத்திறன், பொருளாதாரம், நண்பர்கள் எனப் பலவற்றையும் அவர் எடைபோட்டார். குடும்பச் சூழலே முதலிடம் பெறும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஆனால், தன்னைப் பற்றியும் தன் நிலையைப் பற்றியும் அந்தப் பிள்ளைக்கு இருந்த தெளிவான புரிதலே எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. ரோஜர்ஸே இதை நம்பவில்லை. ஆய்வை மூட்டைகட்டி வைத்துவிட்டார். பின்னர் ஹெலன் மெக்நீல் என்ற மற்றொரு மாணவி வேறு பிள்ளைகளின் ஆவணங்களைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, அளவில் குறைந்தாலும் அதே திசையில்தான் விடை வந்தது. 1948-இல் இருவரின் ஆய்வும் சேர்ந்து வெளியாயிற்று.

இதன் பொருள், குடும்பம் முக்கியமில்லை என்பதன்று. கெட்ட சூழலில் வளரும் பிள்ளைக்கும், தன்னை நேராகப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு கிடைத்தால் மீள வழியுண்டு என்பதே பொருள். அந்த வாய்ப்பைத் தருவதற்குத்தான் அந்த மூடிய அறை. அடுத்த அறையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமின்றி ஒரு பிள்ளை தன்னைத் தானே கேட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

ஆலோசனை அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவர்களில் முன்னோடியும் ரோஜர்ஸ்தான். இது முரண்போல் தோன்றலாம். ஒலிநாடா பரவாத அக்காலத்தில், சில நிமிடங்களே ஓடும் இசைத்தட்டுகளில் உரையாடல்களைப் பதிவு செய்து, சொல்சொல்லாக எழுதியெடுத்தார். 1942-இல் வெளியான நூலில் ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் முழுமையாக அச்சிட்டார். பெயரை மட்டும் மாற்றியிருந்தார். தம் குறைகளும் எல்லோர் பார்வைக்கும் வரட்டும் என்ற துணிவு அது. நோயாளி என்ற சொல்லைத் தவிர்த்து, சேவை நாடி வருபவர் என்னும் பொருள்தரும் சொல்லை அவர் பரவலாக்கினார். வந்தவர் கீழே, வல்லுநர் மேலே என்னும் அடுக்கு அங்கே தளர்ந்தது.

1945-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையம் தொடங்கினார். 1957-இல் எழுதிய ஆய்வுரையில், ஒருவர் மாறுவதற்குத் தேவையான சூழலை அவர் வரையறுத்தார். அதில் மூன்று பண்புகள் ஆலோசகரைச் சார்ந்தவை: வேடமற்ற நேர்மை, நிபந்தனையில்லாத ஏற்பு, வந்தவரின் கண்வழியே உலகைப் பார்க்கும் பரிவுணர்வு. நிபந்தனையில்லாத ஏற்பு என்பது செய்வதையெல்லாம் சரியென்று சொல்வதன்று. மதிப்பெண் எடுத்தால்தான் நீ என் பிள்ளை என்ற நிபந்தனையை வாயால் நாம் சொல்வதில்லை, முகத்தால் சொல்கிறோம். அந்த நிபந்தனை இல்லாத முகம் ஒன்றை வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பார்க்கும் பிள்ளை, தன் தவறையும் தானே எடுத்துப் பார்க்கத் துணிகிறான்.

ரோஜர்ஸைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. 1940-களின் இறுதியில், கடுமையாக மனம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை அளித்துக் கொண்டிருந்தபோது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவரே நிலைகுலைந்தார். பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டவர், சில மாதங்கள் கழித்தே திரும்பினார். பின்னர், தம்மைவிட இளையவரான சக ஆலோசகர் ஒருவரிடம் தாமே ஆலோசனை பெற்றார். விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் தம் முறையைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆய்வுக் குழுவுக்குள் பூசலும் மூண்டது. எல்லா மனநோய்க்கும் கேட்டல் ஒன்றே போதாது என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று. தெளிவான வழிகாட்டல் தேவைப்படும் இடத்திலும் இம்முறை ஒதுங்கி நிற்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. இன்றைய ஆலோசகர்கள் பலர், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் வேறு பயிற்சிகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். ஆனால், எந்தப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன் பிள்ளையின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

அவருடைய கருத்துகள் ஆலோசனை அறையோடு நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்ற தாமஸ் கார்டன், 1962-இல் கலிபோர்னியாவில் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். பிள்ளை பேசும்போது உடனே அறிவுரையோ, எச்சரிக்கையோ, ஒப்பீடோ கூறாமல், அவன் சொன்னது நமக்குப் புரிந்ததா என்று சரிபார்க்கும் பழக்கம் அதன் அடிப்படை. வல்லுநரின் அறையில் நடப்பதில் ஒரு பகுதியேனும் வீட்டுக் கூடத்தில் நடக்க முடியும் என்று அவர் நம்பினார். ரோஜர்ஸோ முதுமையில் வட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா எனப் பகைமை மூண்ட மண்ணின் மனிதர்களை எதிரெதிரே அமர்த்திக் கேட்க வைத்தார். 1987 பிப்ரவரி 4 அன்று, இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 85-ஆம் வயதில் காலமானார்.

இந்த வாழ்க்கையைப் படித்து முடிப்பதற்குள் என் மகனின் நான்காவது அமர்வும் முடிந்திருந்தது. ஆலோசகர் என்னைத் தனியே அழைத்தார். அவனைப் பற்றிய அறிக்கை கிடைக்கப் போகிறது என்று எண்ணி, குறிப்பெடுக்கத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். பதினாறு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று அவர் கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியவன் முக்கால் மணி நேரம் பேசினேன். நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத என் தந்தையின் பிரம்பையும், பிளஸ் 2 தேர்வில் நான் பெற்ற மதிப்பெண்ணைச் சொல்லாமல் இரண்டு நாள்கள் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்ததையும் சொன்னேன். ராச்செஸ்டரில் வாசல்வரை சென்று திரும்பிய தாயின் நாற்காலி அது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

இதே வாசலில் நிற்கும் பெற்றோருக்குச் சிலவற்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து அமர்த்தி, எது ரகசியமாக இருக்கும், எது இராது என்பதை ஆலோசகர் விளக்குவார். விளக்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். தற்கொலை எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்ளுதல், பிறருக்கு ஆபத்து ஆகியவற்றை அவர் மறைக்க மாட்டார், மறைக்கவும் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டோர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இவற்றுக்கு அப்பாற்பட்ட எதையும் துருவக் கூடாது. அமர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் என்ன பேசினாய் என்று கேட்காமல், பசிக்கிறதா என்று கேட்பதே நல்லது.

இரண்டாவது, பலன் உடனே தெரியாது. வாரம் ஒரு முறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று சில மாதங்களேனும் ஆகலாம். தொடக்கத்தில் நிலைமை மோசமாவதுபோலவும் தோன்றும். பேசாதிருந்த பிள்ளை எதிர்த்துப் பேசத் தொடங்குவான். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. கவுன்சலிங்கால் கெட்டுப் போனான் என்று அவனுடைய தாத்தா வருந்தினார். தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருந்த மௌனத்தைவிட அந்தச் சண்டை நலமானது என்று அவருக்கு விளக்க எனக்குச் சில நாள்கள் ஆயின.

மூன்றாவது, ஆலோசகர் நம் தூதுவர் அல்லர். நாம் விரும்பும் பாடப்பிரிவில் சேர வைக்கவும், நமக்குப் பிடிக்காத நட்பை முறிக்கவும் அவரைப் பயன்படுத்த முடியாது. அவர் மருத்துவரும் அல்லர். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் குலைந்திருந்தாலோ, காதில் குரல்கள் கேட்பதாகப் பிள்ளை சொன்னாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தாலோ, காலம் தாழ்த்தாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவசர வேளையில் டெலி மானஸ் என்னும் அரசின் 14416 எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். கவுன்சலர் என்று பெயர்ப்பலகை வைத்த எல்லோரும் முறையாகப் பயின்றவர்கள் அல்லர். படிப்பையும் பயிற்சியையும் கேட்டறிவது பெற்றோரின் உரிமை.

நான்காவதுதான் நமக்குக் கடினமானது. என்றாவது ஒரு நாள் அந்த நாற்காலி நமக்கும் போடப்படும். அதைக் குற்றவாளிக் கூண்டு என்று நினைக்கத் தேவையில்லை. ராச்செஸ்டர் தாயைக் குற்றம் சாட்டிய வரை எதுவும் நடக்கவில்லை. அவருடைய துயரத்தைக் கேட்கத் தொடங்கிய பிறகே மகனுக்கும் விடிந்தது.

என் மகன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான். முதல் மதிப்பெண் பெறவில்லை. நான் அதைக் கேட்பதையும் குறைத்துக் கொண்டிருக்கிறேன், முழுவதும் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த அறைக்குள் அவன் என்ன பேசினான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வாக்கியங்களை நீக்கச் சொன்னான். ஏன் என்று கேட்காமல் நீக்கிவிட்டேன்.